எடையும் மூச்சும்

நெடுநாள் கழித்து ஊருக்குச் செல்லும் நம்மைக் கண்டு, “பூசினாற்போல் இருக்கிறாய்” என்று பெரியோர் மகிழ்வதுண்டு. “இளைத்துவிட்டாயே” என்று வருந்துவதும் உண்டு. இரண்டும் கண்ணளவே. உள்ளே தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதைக் கண் அறியாது, எடைக்கருவியும் அறியாது.

இருதயமும் நுரையீரலும் உழைப்பை எவ்வளவு தாங்கும் என்றறிய, மருத்துவர்கள் ஒருவரை ஓடும் பட்டையின்மீது நடக்கச் செய்வர், அல்லது நிலையான சைக்கிளை மிதிக்கச் செய்வர். முகமூடியின் வழியே அவருடைய மூச்சை அளந்து, நிமிடத்திற்கு அதிகபட்சம் எவ்வளவு பிராணவாயுவை உடல் பயன்படுத்துகிறது என்று கணிப்பர். அந்த அளவை உடல் எடையால் வகுத்துச் சொல்வதே பெருவழக்கு. இங்கேதான் கவனம் வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இருவர் நிமிடத்திற்கு 2,400 மில்லிலிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஒருவர் எடை 60 கிலோ. மற்றவர் 80 கிலோ. கிலோவுக்கு முன்னவர் பெறுவது 40. பின்னவர் பெறுவது 30. பின்னவரின் இருதயம் பலவீனமானது என்று முடிவு கட்டலாமா? இருவர் உடலிலும் கொழுப்பு நீங்கிய பகுதி 48 கிலோவே எனில், அதனால் வகுக்க இருவருக்கும் 50 என்றே விடை வரும். குறை இருதயத்தில் இல்லை; சுமையில் இருக்கிறது. உழைக்கும்போது பிராணவாயுவைப் பெரிதும் செலவிடுவது தசை. கொழுப்போ, ஏறக்குறைய சுமக்கப்படும் மூட்டை. ஆயினும் மாடிப்படி ஏறுகையில் அம்மூட்டையையும் சுமந்தே தீரவேண்டும். ஆதலின் இரு கணக்குகளும் பயனுள்ளவையே.

மெலிந்தவர்கள் இதைக் கேட்டு நிம்மதி கொள்ள வேண்டாம். புனே நகரின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் தம் உடல்களையே ஒப்பிட்டு எழுதினர். உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் நாட்டவரிடையே மெலிந்த தோற்றத்தினுள் கொழுப்பு மறைந்திருப்பது அரிதன்று. தசை குறைந்த உடல், ஒல்லியாயினும், சோதனையில் விரைவில் களைத்துவிடக்கூடும்.

எனவே, பட்டினி கிடந்து எடையை மட்டும் குறைப்பது போதாது. கொழுப்போடு தசையும் கரையும். நாள்தோறும் விரைந்து நடப்பது இருதயத்தைப் பழக்கும். பளு தூக்குதல் போன்ற பயிற்சி தசையைக் காக்கும். இருதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். சோதனைத் தாள் கைக்கு வந்தால், “இவ்வெண் எதனால் வகுக்கப்பட்டது?” என்று மருத்துவரைக் கேளுங்கள். அவ்வொரு கேள்வி வீண் அச்சத்தையும் தவிர்க்கும். வீண் நிம்மதியையும் தவிர்க்கும்.