கூத்துமாடத்தின் உள்ளே



பாலக்காட்டு மண்ணை விட்டுப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்களில் முதியோர் சிலருக்கேனும் தோற்பாவைக் கூத்து நினைவிலிருக்கும். பகவதி கோயிலின் முன்னே நீண்டு கிடக்கும் கூத்துமாடம்; அதன் முகப்பில் வெள்ளையும் கறுப்புமான திரை; திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து வரிசையாக ஏற்றிய இருபத்தொரு விளக்குகள். தோலில் வெட்டித் துளையிட்ட இராமனும் இராவணனும் அவ்வொளியில் நிழலாக எழுந்து நிற்க, புலவர்கள் கம்பனின் விருத்தங்களைப் பாடிப் பொருள் விரிப்பர். மலையாள நாட்டின் நடுவே கம்பன் இவ்வாறு இரவெல்லாம் ஒலிப்பது தமிழர் யாவரும் பெருமைப்படத் தக்க செய்தி.

இக்கூத்துக்கு ஒரு கதை உண்டு. காளி தாரிகனுடன் போர் புரிந்துகொண்டிருந்தமையால் இராம இராவண யுத்தத்தைக் காண இயலாது போயிற்றாம். அக்குறை தீரவே அவள் சந்நிதியில் ஆண்டுதோறும் கூத்து நிகழ்கிறது. நள்ளிரவுக்குமேல் ஊரார் எழுந்து போய்விடினும் ஆட்டம் நிற்பதில்லை. ஏனெனில் காண்பவள் தேவி. பெண் தெய்வம் ஒன்று கண்டு களிப்பதற்கென்றே நிகழும் கலையில், மாடத்தினுள் பெண் கால் வைக்கலாகாது என்பது நெடுங்கால வழக்கு. பாவை செய்யும் வேலையில் வீட்டுப் பெண்களும் கைகொடுத்தனர். ஆனால் பாவையை ஆட்டும் கையும், பாடும் குரலும், குழுவை நடத்தும் பொறுப்பும் ஆடவருடையனவாகவே இருந்தன.

ஷொர்ணூருக்கு அருகேயுள்ள கூனத்தறையில் இவ்வழக்கு சற்றே நெகிழ்ந்தது. கிருஷ்ணன்குட்டிப் புலவரின் குடும்பம் கூத்தைக் கோயிலுக்கு வெளியே பொது மேடைக்கும் கொணர்ந்த குடும்பம். அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் மகள் ரஜிதா அதே ஆண்டில் பெண்கள் மட்டுமே அடங்கிய பாவைக்கூத்துக் குழு ஒன்றை அமைத்து அரங்கேற்றினார். கதைப் பொருளும் பெண்ணின் நிலையே. பாவை செய்வது, ஆட்டுவது, இசை ஆகிய யாவும் பெண்கள் பொறுப்பு. கோயில் மாடத்தின் வழக்கு வேறு, பொது மேடை வேறு என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் பொது மேடையிலாவது பெண் ஒருத்தி குழுத் தலைவியாக நிற்பது சிறிய காரியமன்று. குழுத் தலைமை என்பது பாடுவது மட்டுமா? எந்த நாள், எந்த ஊர், யாருக்கு எந்தப் பகுதி, எவ்வளவு ஊதியம், இளையோருக்கு யார் கற்பிப்பது என்பனவெல்லாம் அதில் அடங்கும். கலையின் ஆயுள் இந்த முடிவுகளைப் பொறுத்தது.

ஆடவும் பாடவும் பெண்ணை அழைப்பவர் பலர். நிர்வாகக் குழுவில் அமர்த்துபவர் சிலர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வெள்ளையரல்லாத பெண் கலைஞர்கள் இன்று இதே குறையைத்தான் கூறுகின்றனர். நம்மிடையே இது புதிதன்று. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் பொருள் கொண்டு எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே பெண்கள் பாடக்கூடாது என்றனர் ஆராதனை நடத்திய ஆடவர்! அம்மையார் அழுதுகொண்டு திரும்பவில்லை. பெண்களுக்கெனத் தனி ஆராதனையே நடத்திக் காட்டினார். 1952ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய நினைவிடம் இன்று அச்சமாதியை நோக்கி அமைந்திருக்கிறது.

பாலக்காட்டுத் தொடர்புடைய வேறொரு குடும்பத்தையும் கூறவேண்டும். ஆனக்கரை அம்மு சுவாமிநாதன் 1952ஆம் ஆண்டில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். அவர் மகள் மிருணாளினி சாராபாய் மணமாகிக் குஜராத்துக்குச் சென்று, 1949ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தர்ப்பணா என்னும் கலைக்கூடத்தை நிறுவினார். பிற மாநிலத்தில் வாழும் நேயர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பேத்தி மல்லிகா சாராபாய் 2022ஆம் ஆண்டில் கேரள கலாமண்டலத்தின் வேந்தராக நியமிக்கப்பெற்றார். அக்கலாமண்டலமோ, முதன்முறையாகக் கதகளி வகுப்பில் மாணவியரைச் சேர்த்துக்கொண்டது அதற்கு முந்தின ஆண்டில்தான்.

வசதியுள்ள குடும்பத்துப் பெண்களுக்கு எல்லாம் எளிது என்று சிலர் கூறக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆனால் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் என்ன வசதி படைத்தவர்கள்? 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர்கள் தொழிற்சங்கத்து ஆடவர் தலைவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டுச் சாலையில் அமர்ந்தனர். 20 சதவீத போனசுக்கு உடன்பாடு பெற்றே எழுந்தனர். அது கலைக் காரியமன்று. ஆயினும், நடத்தத் தெரியாது என்று பெண்களைப் பற்றிக் கூறுவோருக்கு அதுவே விடை.

நாம் உறுப்பினராயிருந்த ஒரு தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா நாடகத்துக்கு நடிகரைத் திரட்டியது, ஒத்திகை நடத்தியது, உடை தைத்தது, நன்கொடைக் கணக்கு எழுதியது எல்லாம் ஓர் அம்மாள். அழைப்பிதழில் செயலாளர், பொருளாளர் என அச்சானவை இரண்டு ஆடவர் பெயர்கள். அம்மாள் பெயர் நன்றியுரையில் வந்தது. அதுவும் அவர் கணவரின் பெயரோடு ‘திருமதி’ சேர்த்து. நாமும் கைதட்டிவிட்டு வீடு திரும்பினோம். உங்கள் சங்கத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்போது? காசோலையில் கையெழுத்திடும் உரிமை யாருக்கு என்னும் தீர்மானம் வரும்போது, கணக்கு எழுதியவரின் பெயரை முன்மொழிய ஒருவர் எழுந்து நின்றால் போதும்.