பாஷாணம் தின்னும் புழு

மழை பெய்த மறுநாள் வாசலில் நெளிகிற மண்புழுவைப் பார்த்ததும், பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அந்தப் புழு லேசுப்பட்ட ஆள் இல்லை.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ‘டெவன் கிரேட் கான்சோல்ஸ்’ என்று ஒரு பழைய சுரங்கம். 19ஆம் நூற்றாண்டில் முதலில் செம்பு எடுத்தார்கள், பிறகு ஆர்சனிக். நம் ஊர் வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அந்தச் சரக்கு. சுரங்கம் மூடிப் பல காலம் ஆகியும் மண்ணில் நஞ்சு போகவில்லை. வேறு ஊர்ப் புழுவை அந்த மண்ணில் விட்டால் செத்துப்போகிறது. அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த புழுவோ சௌக்கியமாக இருக்கிறது! அதன் உடம்பில் கந்தகம் மிகுந்த ஒரு புரதம், நஞ்சைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது.

அப்படியானால் புழுவை விட்டே மண்ணைச் சுத்தம் செய்யலாமா? அவசரப்படக் கூடாது. ஆர்சனிக் போன்ற நஞ்சு அழிவதில்லை; மண்ணிலிருந்து புழுவுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அந்தப் புழுவைக் குருவி கொத்தினால் குருவிக்குப் போகும்.

எண்ணெய் சிந்திய மண் என்றால் கதை வேறு. புழு துளை போடப் போட உள்ளே காற்று போகிறது, நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அவை எண்ணெயைச் சிதைக்கின்றன. புழு இங்கே மேஸ்திரி மாதிரி. வேலை செய்வது நுண்ணுயிர்கள்.

அடுத்த மழைக்கு வாசலில் ஒன்று நெளிந்தால், விளக்குமாற்றால் தள்ளாதீர்கள். ஓர் இலையில் ஏந்தி, செடியடியில் விட்டுவிடுங்கள்.