டம்மி டக் அறுவைச் சிகிச்சை: ஆபரேஷன் ஒரு நாள், ஓய்வு ஆறு வாரம்

(உத்திரமேரூர் வட்டார மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்களிடையே, அறுவைச் சிகிச்சை வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

போன தடவை கூட்டம் முடிஞ்சதும் ஒரு தங்கச்சி செல்போனை நீட்டி, "அக்கா, இது நிஜமா?"ன்னு கேட்டாங்க. ஒரு பக்கம் தொங்கின வயிறு, இன்னொரு பக்கம் தட்டையான வயிறு. கீழே 'டம்மி டக், தவணை வசதி உண்டு' என்று போட்டிருந்தது. ரெண்டு சிசேரியன் ஆனவங்க. சீட்டுப் பணத்தை எடுத்துப் பண்ணிக்கலாமான்னு யோசனை. இதைக் கேட்கிறதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. அதனாலதான் இன்னைக்கு இதையே பேசலாம்னு வந்தேன்.

டம்மி டக் எடை குறைக்கிற ஆபரேஷன் இல்லை. பிரசவத்துக்கு அப்புறமோ, உடம்பு நிறைய இளைச்ச பிறகோ தொங்குகிற தோலையும் அதுக்குக் கீழே உள்ள கொழுப்பையும் வெட்டி எடுத்து, நடுவில் விலகிப்போன வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைக்கிற ஆபரேஷன். குடலைச் சுற்றி உள்ளே சேர்ந்திருக்கிற கொழுப்பை இதனால் எடுக்க முடியாது. அதுக்குச் சாப்பாடும் நடையும்தான். சிலர், "குடும்பக் கட்டுப்பாடு பண்ணினதாலதான் வயிறு போட்டுடுச்சு" என்பாங்க. கருக்குழாயைக் கட்டுவதற்கும் தொப்பைக்கும் சம்பந்தமே கிடையாது.

அந்தத் தங்கச்சியைப் படுக்க வெச்சு, தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். பழைய தையலுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் அளவு பிதுங்கிச்சு. இருமினால் இன்னும் பெரிசாச்சு. அது தொப்பை இல்லை, ஹெர்னியா, குடலிறக்கம்னு சொல்றது. அரசு மருத்துவமனைக்குப் போனாங்க, ஸ்கேனும் அதையேதான் சொல்லிச்சு. வலை வெச்சுத் தைச்சு விட்டாங்க. கட்டணம் இல்லை. அதனால தவணை கட்டுறதுக்கு முன்னாடி செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஒரு தடவை வயிற்றைக் காட்டிடுங்க. இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் பக்கம்தான். தசை விலகல் கொஞ்சமா இருந்தா பிசியோதெரபிப் பயிற்சியே போதும்னு அங்கேயே சொல்லிடுவாங்க. அழகுக்காக மட்டும் செய்வதற்குப் பொதுவா மருத்துவக் காப்பீடு பணம் தராது. மொத்தச் செலவும் நம்ம கையிலிருந்துதான்.

சரி, எல்லாம் பார்த்தாச்சு, டம்மி டக்தான்னு முடிவு. முழு மயக்கம் கொடுத்து ரெண்டு மூணு மணி நேரம் செய்வாங்க, சில சமயம் கூடுதலாவும் ஆகும். அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரைக்கும் தழும்பு விழும். தொப்புளை இடம் பார்த்துத் திரும்பத் தைப்பாங்க. இன்னும் குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருந்தா அதுக்கு அப்புறம் செய்யுங்க. கர்ப்பத்தில் தைத்த தசை மறுபடி விலகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்க, பீடி சிகரெட் பழக்கம் உள்ளவங்களுக்குப் புண் ஆறாது. குறைஞ்சது நாலு வாரம் முன்னாடியே புகையை நிறுத்தணும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டமே. அன்னைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுவாங்க. வலிக்குதுன்னு படுத்தே கிடக்காதீங்க, காலில் ரத்தம் உறைஞ்சிடும். நிமிர்ந்து நடக்க முடியாது. ஒரு வாரம், பத்து நாள் கூன் விழுந்த பாட்டி மாதிரிதான் நடை. பாயில் படுத்துப் பழகினவங்க கட்டிலுக்கு ஏற்பாடு பண்ணணும், தரையிலிருந்து எழுந்திருக்கும்போது தையல் இழுக்கும். முதுகுக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை வெச்சுக்கணும். குந்தி உட்கார்ற கக்கூஸும் சிரமம், கமோடு நாற்காலி ஒண்ணு வாங்கிடுங்க. வலி மாத்திரை மலச்சிக்கல் கொடுக்கும், முக்கக் கூடாது.

வயிற்றிலிருந்து தொங்குகிற டியூபில் எவ்வளவு நீர் வருதுன்னு தினம் அளந்து எழுதணும். அதை வெச்சுத்தான் எப்ப எடுக்கலாம்னு டாக்டர் சொல்லுவார். வயிற்றுப் பெல்ட் ஆறு வாரம் பக்கம் இருக்கும். சித்திரை வெயிலில் அது எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா! இன்னொண்ணு, அடிவயிறு மாசக்கணக்கில் மரத்துப் போயிருக்கும். வீக்கமா இருக்கேன்னு யாராவது சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தா, சூடு தெரியாமலே தோல் வெந்துடும். கொடுக்கவே கூடாது.

ஆறு வாரத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணி 15 கிலோ இருக்கும். ரெண்டு வயசுக் குழந்தை 10 கிலோவுக்கு மேல். என் வார்டுக்கு ஒரு அம்மா பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தாங்க, தையல் பிரிஞ்சு, சீழ் வெச்சு. மாமியாரும் வீட்டுக்காரரும், "தையல் பிரிச்சாச்சே, இனி என்ன?"ன்னு குடத்தைத் தூக்க விட்டுட்டாங்க. அந்த அம்மா மேல தப்பு இல்லை. தண்ணி யார் பிடிப்பா, சமைக்கிறது யாருன்னு பேசி முடிக்காம எந்த வீட்டிலும் இதுக்குத் தேதி குறிக்காதீங்க.

கெண்டைக்கால் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா, மார் வலிச்சா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே 108. காய்ச்சல், நாற்றம், தையல் ஓரம் கறுத்துப்போவது, பெல்ட்டுக்குள் தண்ணி மூட்டை மாதிரி தளும்புவது, இதுக்கெல்லாம் அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். சந்தேகம் கேட்க 104 இருக்கு.

டாக்டரைத் தேர்வு பண்றதைப் பத்தியும் சொல்லணும். நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்திலேயே, வாரியத்துக்கு வர்றவருக்கு வயசு 35-லிருந்து 70, சொந்த மனையில் வீடு, முன்னே இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லைன்னு வெட்டி வெச்சிருக்காங்க. ஏரியைப் பார்த்துக்கிறவருக்கே அவ்வளவு தகுதி கேட்ட ஊர் இது. வயிற்றைக் கிழிக்கிறவரிடம் கேட்க ஏன் கூச்சம்? எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதே பிரிவில் டிஎன்பி. பதிவு எண்ணை வாங்கி, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். மருத்துவமனைக்கும் பதிவுச் சான்றிதழ் இருக்கணும். மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் அதைப் பார்க்கிறது.

2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷனின்போது 26 வயசுப் பையன் இறந்துபோனார். அரசு விசாரணை நடந்தது, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமா நிறுத்தினாங்க. அது வேற வகை ஆபரேஷன்தான். ஆனால் ஐசியு இருக்கா, மயக்க மருந்து டாக்டர் யாரு, ராத்திரி யார் இருப்பாங்கன்னு எந்த ஆபரேஷனுக்கும் கேட்கணும்.

பின்னாடி ஒரு அம்மா கேட்டாங்க: "நடவுக்கு எப்போ போகலாம்?" வீட்டு வேலை, லேசா இருந்தா, ரெண்டு மூணு வாரத்தில் ஆரம்பிக்கலாம். நாள் முழுக்கக் குனிஞ்சு நாற்று நடறது ஆறு வாரம் தாண்டி, டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான். நடவும் அறுப்பும் இல்லாத மாசமா பார்த்துத் தேதி கேளுங்க.