இணையவழிக் கல்வி: முதல் இரு வாரங்கள்



மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளை அடுத்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் மலையாளம் பயின்றனர். கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கின்றனர். இவர்களுக்கு இன்று இன்னொரு வகுப்பறையும் திறந்திருக்கிறது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ என்னும் இணையத்தளமே அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 வரை இவ்வழியே பயிலக் கல்லூரிகள் இசைவு தரலாம்.

வாயில் அகலமானதுதான், ஆனால் நுழைவோர் பலர், முடிப்போர் சிலர். அறிவுக் குறைவே காரணம் என்று எண்ண வேண்டா. தொடக்கத்துத் தளர்ச்சியே பலரை வீழ்த்துகிறது.

ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் பாருங்கள். 12 வாரப் பாடமொன்றில், சிறந்த 8 வார ஒப்படைப்புகளின் சராசரிக்கு 25 மதிப்பெண். நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற, முன்னதில் 10-உம் பின்னதில் 30-உம் வேண்டும். பாடத்தில் சேரக் கட்டணமில்லை. தேர்வுக்கோ தனியே பணம் கட்டிப் பதிவு செய்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றென எண்ணியிருப்பவர், பாடமெல்லாம் கேட்டும் தேர்வெழுத இயலாது.

ஆதலின் மாணவர்களே, சேருமுன் இப்பாடத்தின் மதிப்பெண்ணைக் கல்லூரி ஏற்குமா என்று கேட்டறியுங்கள். முதல் நாளே ஒப்படைப்புத் தவணைகளையும் தேர்வுப் பதிவின் கடைசி நாளையும் சுவர் நாட்காட்டியில் குறியுங்கள். முதற்பருவத்தில் ஒரே பாடம் போதும். முதல் இரு வாரங்கள் குறித்த நேரத்தில் தவறாது அமருங்கள். பின்னர்ப் பழக்கமே துணை நிற்கும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். மும்மொழிச் சொற்குறிப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்து ‘வெலாசிட்டி’ மலையாளத்தில் ‘பிரவேகம்’, தமிழில் ‘திசைவேகம்’. தமிழ்ச் சொல்லே அதன் பொருளை விளக்கிவிடுகிறதன்றோ! இவ்வாறு எழுதி வந்தால், மூன்று மொழிகள் சுமையாகா, மூன்று படிகளாகும்.

காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளம் இரயில் நிலையத்தில், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், நிலையத்து இலவச இணைய வசதியால் பாடங்களைச் செவிவழி கேட்டு, 2018-இல் கேரள அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் வென்றார். அவருக்குத் தனியறை இல்லை, ஒழுங்கு இருந்தது.

பெற்றோர்களே, பிள்ளை கைப்பேசியுடன் அமர்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் அவனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். மகளை அடுக்களைக்கு அழைக்காதீர்கள். வீட்டின் ஒரு மூலை அப்பொழுது கல்லூரியாக இருக்கட்டும்.