நிற்கும் வேளையில் நிதானம்

ஆசன உயரம் 825 மில்லிமீட்டரும் எடை ஏறத்தாழ 196 கிலோவும் உள்ள ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போன்ற பாரமான மோட்டார் சைக்கிள், ஓடுகையில் தானே நிமிர்ந்து சென்றாலும், நிற்கும் அந்தக் கடைசி க்ஷணத்தில்தான் சமநிலை இழந்து சாய்கிறது. ஆதலால், கால் வைக்கப்போகும் இடத்தில் மணலோ பள்ளமோ உண்டா என்று முன்னரே கவனித்து, ஹேண்டில்பாரை நேராக்கி, பார்வையைத் தூரத்தில் நிறுத்தி, முன் பிரேக்கை மெல்லத் தளர்த்தி, வலது காலால் பின் பிரேக்கை மிதித்தபடியே, இடுப்பைச் சற்று இடப்புறம் நகர்த்தி, இடது காலை மட்டும் உறுதியாக ஊன்றுவதே உத்தமம். ஹேண்டில்பார் திரும்பியிருக்கையில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால், திரும்பிய பக்கமே வண்டி சரியும். சரிந்துவிட்ட வண்டியை வீம்பாகத் தாங்க முயலாமல் விலகிக்கொள்ளுங்கள். வண்டியைப் பழுதுபார்த்துக்கொள்ளலாம், தேக க்ஷேமமே பிரதானம்.