சேறு எந்தக் குளத்தில் அள்ளியது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஒரே கட்சிக்குள்ள ரெண்டு வசதியான வெள்ளைக்காரங்க ஒருத்தர் மேல ஒருத்தர் சேறு பூசிக்கிட்டா நமக்கென்ன என்று கூட்டம் தொடங்கும் முன்பு ஒரு மாணவத் தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். யார் பூசினார்கள் என்பதை விடுங்கள். பூசுவதற்கு எந்தச் சேற்றை அள்ளினார்கள் என்று பாருங்கள். ஒரு சமூகம் எதை அசிங்கம்னு நினைக்குதோ அது அங்கதான் வெளிப்படும்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சி மேலிடம் அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக முதல்நிலைத் தேர்தல், அதாவது பிரைமரி நடக்கிறது. கட்சி ஒன்று, கொள்கையும் ஏறக்குறைய ஒன்று. அப்ப எதை வெச்சு ஒருத்தரை ஒதுக்குறது? ஆளைத்தான் அடிக்கணும். குடும்பம், ஒழுக்கம், பிறப்பு என்று சண்டை சீக்கிரமே அந்தரங்கத்துக்குள் போய்விடுகிறது.

2000ஆம் ஆண்டு. குடியரசுக் கட்சி. பிப்ரவரி 1 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஜான் மெக்கெய்ன், மகன் ஜார்ஜ் புஷ்ஷைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார். அடுத்த பெரிய களம் பிப்ரவரி 19, தெற்குக் கரோலினா. இடைப்பட்ட நாட்களில் அங்கே தொலைபேசி மணி அடிக்கத் தொடங்கியது. கருத்துக்கணிப்பு என்ற பேரில் ஒரு கேள்வி: மெக்கெய்னுக்கு முறையற்ற உறவில் ஒரு கறுப்புக் குழந்தை உண்டு என்று தெரிந்தால் அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா? துண்டறிக்கைகளும் சுற்றின.

உண்மை என்ன? மெக்கெய்ன் தம்பதியர் பங்களாதேஷின் டாக்காவில், அன்னை தெரசாவின் இல்லத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்திருந்தார்கள். கருத்த நிறமுள்ள பிள்ளை. அவ்வளவுதான். தேர்தல் முடிவு புஷ் 53, மெக்கெய்ன் 42 சதவீதம். இந்த வதந்தி மட்டுமே தோற்கடித்தது என்று நான் சொல்லவில்லை. மதவாத வலதுசாரிகள் புஷ்ஷின் பின்னால் திரண்டிருந்தார்கள். வதந்தியில் தங்களுக்குப் பங்கில்லை என்று புஷ் தரப்பு மறுத்தது. யார் செய்தார்கள் என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

மெக்கெய்ன் ஆட்கள் இது பொய் என்றார்கள். பொய்தான். ஆனா அதோட பதில் முடிஞ்சு போச்சா? முறையற்ற உறவுதான் குற்றம் என்றால் 'குழந்தை' என்பதோடு நிறுத்தியிருக்கலாமே. 'கறுப்பு' என்ற சொல் எதற்கு? வசை முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

நான் வங்கியில் கவுண்ட்டரில் உட்காருகிற ஆள். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். செக்கில் கையெழுத்து எவ்வளவு அழகா இருந்தாலும் கணக்குல பணம் இல்லேன்னா திருப்பி அனுப்பிருவோம். அவதூறும் செக் மாதிரிதான். எழுதுவது ஒருவன். அது பாஸ் ஆவதற்கு ஊரே முன்கூட்டிப் பணம் போட்டு வைத்திருக்க வேண்டும்.

தெற்குக் கரோலினாவில் அந்தக் கணக்கில் பணம் போட்டது யார்? ஒரு காலத்தில் அங்கே சனநாயகக் கட்சியின் பிரைமரிதான் உண்மையான தேர்தல். அதில் கறுப்பர்கள் ஓட்டுப் போட முடியாது. வெள்ளையருக்கு மட்டுமான பிரைமரி செல்லாது என்று 1944இல் உச்சநீதிமன்றம் டெக்சாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. தெற்குக் கரோலினா சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? பிரைமரி பற்றிய சட்டங்களையே புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டது. இனி கட்சி ஒரு தனியார் மன்றம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்றார்கள். ஜார்ஜ் எல்மோர் என்ற கறுப்பின வியாபாரி வழக்குப் போட்டார். 1947இல் நீதிபதி வேட்டீஸ் வேரிங் அந்தக் கதவைத் திறந்துவிட்டார். பிற்காலத்தில் வெள்ளையர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். 2000இல் அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர்கள். கறுப்பர் இல்லாத அறையில் கேட்கப்பட்ட கேள்வி அது.

பிரைமரி நமக்கும் புதுசு இல்லை. 1932 பூனா ஒப்பந்தத்தில் அது இருந்தது. தனித்தொகுதிக்கு நம் மக்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பது, பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லா சாதியாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது. நாம் முதலிடம் கொடுத்தவர் அங்கே தோற்றுப்போகலாம். அம்பேத்கர் இதைச் சுட்டிக்காட்டினார். யார் முன்னால் நிற்கிறோமோ அவர்களே யார் 'நல்ல' வேட்பாளர் என்று தீர்மானிக்கிறார்கள்.

சேறு பொய்யாகத்தான் இருக்கணும்னும் இல்லை. 1988இல் நியூயார்க்கில் சனநாயகக் கட்சி பிரைமரி விவாதத்தில் அல் கோர், ஆளுநர் மைக்கேல் டுகாகிஸிடம் கைதிகளுக்கு விடுப்பு கொடுக்கும் மாசசூசெட்ஸ் திட்டத்தைப் பற்றிக் கேட்டார். பேரையோ நிறத்தையோ சொல்லவில்லை. அப்பா புஷ்ஷின் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பொதுத் தேர்தலில் புஷ் ஆதரவுக் குழு ஒன்று, விடுப்பில் போய்த் திரும்பாமல் கொடுங்குற்றம் செய்த வில்லியம் ஹார்ட்டன் என்ற கறுப்பினக் கைதியின் முகத்தைத் தொலைக்காட்சியில் காட்டியது. வில்லியத்தை 'வில்லி' ஆக்கினார்கள். குற்றம் உண்மை, பாதிக்கப்பட்டவர்களின் துயரம் உண்மை. ஆனால் அந்தத் திட்டத்தை 1972இல் தொடங்கியது குடியரசுக் கட்சி ஆளுநர்தான் என்பது காணாமல் போய், ஒரு கறுப்பு முகம் மட்டும் மிஞ்சியது. சொந்த வீட்டுச் சண்டையில் எறிந்த கல்லை எதிரி பொறுக்கிக்கொண்ட கதை இது.

2008இல் அதே தெற்குக் கரோலினா, ஆனால் சனநாயகக் கட்சி பிரைமரி. ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். பராக் ஒபாமாவின் வெற்றியை, முன்பு அங்கே வென்ற ஜெஸ்ஸி ஜாக்சனோடு ஒப்பிட்டுப் பேசினார் பில் கிளிண்டன். இவர் கறுப்பர்களின் வேட்பாளர் மட்டும்தான் என்று குறுக்குகிறார் என்று பலத்த கண்டனம் எழுந்தது. முடிவு ஒபாமா 55, ஹிலாரி 27. அங்கே செக் திரும்பி வந்தது. மாநிலம் மாறவில்லை. ஓட்டுப் போடுகிற கை மாறியிருந்தது.

கடைசியாக ஒன்று. அவதூறுக்கு ஆளானவர் அந்தக் குளத்துக்கு எதிரியாகிவிடுவார் என்று நம்பாதீர்கள். அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி அப்போது தெற்குக் கரோலினா சட்டமன்றக் கோபுரத்தின் மேல் பறந்தது. 2000 ஜனவரியில் அது இனவெறியின், அடிமைத்தனத்தின் சின்னம் என்று மெக்கெய்ன் சொன்னார். சில நாளில் பாரம்பரியச் சின்னம் என்று மாற்றிக்கொண்டார். தோற்ற பிறகு ஏப்ரலில் திரும்பிப் போய், ஓட்டுக்குப் பயந்து உண்மையை மறைத்தேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு கொடி கோபுரத்திலிருந்து இறங்கி வளாகத்துக்கு வந்தது. வளாகத்தை விட்டுப் போக 2015 ஆனது. அதற்கு முன்பு சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பர்கள் சுட்டுக் கொல்லப்பட வேண்டியிருந்தது.

ஆகவே தோழர்களே, ஒரு வேட்பாளர் மீது வசை வந்தால் உண்மையா பொய்யா என்பதோடு நின்றுவிடாதீர்கள். இது ஏன் வசையாகிறது, யார் காதுக்கு வசையாகிறது என்றும் கேளுங்கள். 'நான் அது இல்லை' என்று மறுக்கிறவரிடம், 'அதுவாக இருந்தால் என்ன கேவலம்?' என்று கேளுங்கள். அதைக் கேட்காதவரை கணக்கில் பணம் அப்படியேதான் இருக்கும். அடுத்த செக்கை வேறொருவன் எழுதுவான்.

மீதியை உங்கள் கேள்விகளில் பேசுவோம்.