வேண்டாத வரியை நீக்க ஒரு வசதி

இணையத்தில் ஒரு படத்தைப் பார்க்கிறோம், அதைச் சேமித்துக்கொள்ள நினைத்து மவுஸின் வலது பொத்தானை அழுத்துகிறோம். உடனே ஒரு மெனு விரிகிறது. ஃபயர்பாக்ஸ் பிரவுசரில், அந்தப் படமே இன்னொரு பக்கத்துக்கு இணைப்பாகவும் இருந்துவிட்டால், அந்த மெனுவில் ஏறக்குறைய 15 வரிகள் இருக்கும். இணைப்பைப் புதிய தாவலில் திறப்பதில் தொடங்கி, படத்தை மின்னஞ்சலில் அனுப்புவது, கணினித் திரையின் பின்னணியாக வைப்பது என்று நீண்டு, இணையதளம் வடிவமைப்பவர்களுக்கு மட்டுமே தேவைப்படும் ஆய்வுக் கருவிகளில் போய் முடியும். நமக்கு வேண்டியிருந்ததோ படத்தைச் சேமிக்கும் ஒரு வரிதான். மற்றவற்றில் எது இருக்கட்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் வசதி பிரவுசரின் செட்டிங்ஸிலேயே, எவரும் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, “தேடி எடுக்க ஒரு நொடி ஆகுமா, இதற்கா இத்தனை பேச்சு?” என்பது. 1952-இல் உளவியலாளர் வில்லியம் ஹிக் வெளியிட்ட ஆய்வையும் இதற்குத் துணைக்கு அழைக்கலாம். தெரிவுகள் இரட்டிப்பானாலும் முடிவெடுக்கும் நேரம் அதே அளவுக்கு இரட்டிப்பாவதில்லை, சிறிதளவே கூடுகிறது என்பது அதன் சாரம். ஆனால் அது நன்கு பழகிய தெரிவுகளுக்குப் பொருந்தும் கணக்கு. வரிவரியாகப் படித்துத் தேடும்போது, வரி கூடக்கூட நேரமும் அதே அளவுக்குக் கூடும். பார்வையற்றவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு இதே மெனுவைப் பயன்படுத்துவதை எண்ணிப் பாருங்கள். கீழ்நோக்கும் அம்புக்குறியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு வரி ஒலிக்கும். வேண்டாத பத்து வரிகள் நடுவில் இருந்தால் பத்தையும் தாண்டித்தான் போக வேண்டும், ஒரு நாளில் எத்தனை முறை மெனுவைத் திறந்தாலும். கை நடுக்கம் உள்ளவருக்குச் சிக்கல் வேறு விதம்: சுட்டி ஒரு வரி தவறினால், கேட்காத மின்னஞ்சல் மென்பொருள் வந்து நிற்கும்.

இந்த வரிகள் எல்லாம் பயனர் கேட்டு வந்தவையும் அல்ல. மொசில்லா நிறுவனம் 2015-இல் பாக்கெட் என்ற சேமிப்புச் சேவையை ஃபயர்பாக்ஸுக்குள் கொண்டுவந்தது. அதன் பெயரில் ஒரு வரி பல ஆண்டுகள் மெனுவில் இருந்தது. 2025 ஜூலையில் அந்தச் சேவையே மூடப்பட்டது. திரையைப் படம்பிடிக்கும் வசதி, 2021-இல் வந்த 88-ஆம் பதிப்பில், முகவரிப் பட்டையை ஒட்டிய மெனுவிலிருந்து நீக்கப்பட்டது; வலது கிளிக் மெனுவிலிருந்து அதை எடுக்கச் சொன்னார்கள். அண்மையில் செயற்கை நுண்ணறிவு அரட்டைக்கும் ஒரு வரி வந்திருக்கிறது. அதை நீக்கும் வழியை அதனுள்ளேயே வைத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய செயல். ஒரு வரிக்கு முடிந்தது மற்ற வரிகளுக்கு ஏன் முடியாது?

இப்போதும் வழி இருக்கிறது என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். உண்மைதான். பிரவுசரோடு இணைத்துக்கொள்ளும் சிறு மென்பொருள்களை நீட்சிகள் என்கிறோம். முன்பு மெனுவைத் திருத்துவதற்கென்றே நீட்சிகள் இருந்தன; 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்பு பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டபோது அவையும் போயின. எஞ்சியிருப்பது இது: பயனர் விவரங்கள் உள்ள கோப்புறையைத் தேடிப் பிடித்து, அதற்குள் குரோம் என்ற பெயரில் ஒரு கோப்புறை அமைத்து, யூசர்குரோம் டாட் சிஎஸ்எஸ் என்ற கோப்பை உருவாக்கி, ஒவ்வொரு மெனு வரியின் உட்பெயரையும் அறிந்து, ‘இதைக் காட்டாதே’ என்று குறிமொழியில் எழுத வேண்டும். 2019-இல் வந்த 69-ஆம் பதிப்பு முதல், பிரவுசர் அந்தக் கோப்பைத் தானாகப் படிப்பதும் இல்லை. எச்சரிக்கை காட்டும் உள்ளமைப்புப் பக்கத்துக்குப் போய் அதற்கான அனுமதியைத் தனியே கொடுக்க வேண்டும். பிரவுசர் விரைவாகத் திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது, காரணம் நியாயமானதே. ஆனாலும் சாதாரணப் பயனருக்கு இதை ஒரு வழி என்று சொல்ல முடியாது. இதே ஃபயர்பாக்ஸில் மேலே உள்ள கருவிப்பட்டையின் ஐகான்களை மவுஸால் இழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் ஒரே பொத்தானில் பழைய நிலைக்கே திரும்பலாம். விவால்டி பிரவுசரோ மெனுக்களைத் திருத்தும் வசதியைச் செட்டிங்ஸிலேயே தந்திருக்கிறது. ஆகவே இது தொழில்நுட்பத்தால் ஆகாத காரியமல்ல.

மக்கள் வேண்டியதையும் நீக்கிவிட்டுத் தவிப்பார்களே என்ற அச்சத்துக்கு, அந்த ‘பழைய நிலைக்குத் திரும்பு’ பொத்தானே பதில். இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸ் 2000 மென்பொருளில், அதிகம் பயன்படுத்தாத வரிகளை மறைத்துக் குறுகிய மெனுவைக் காட்டிப் பார்த்தது. பலரும் தேடியது கிடைக்காமல் குழம்பினார்கள், பின்னாளில் அம்முறை கைவிடப்பட்டது. ஆனால் அங்கே மறைத்தது கணினி. எந்த வரி எப்போது காணாமல் போகும் என்று பயனருக்குத் தெரியவில்லை. தானே நீக்கிய வரி எங்கே போயிற்று என்று யாரும் தேடப்போவதில்லை.

பிரவுசர் தயாரிப்பவர்கள் இந்த வசதியைத் தரும்வரை, நேயர்கள் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் நிறுவிய நீட்சிகளில் பலவும் வலது கிளிக் மெனுவில் தமக்கென ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கின்றன. நீட்சிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள், அவற்றோடு அந்த வரிகளும் போய்விடும்.